சில மோட்டார்கள் மட்டும் ஏன் இரைகின்றன?

குயிலாப்பாளையத்திலிருந்து மரக்காணம் வரை நீளும் கடலோரப் பகுதியில் உள்ள பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியை. ஒருநாள் தமிழாசிரியர் விடுப்பு. ஏழாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. சொல்வதை எழுதுதல் வைத்தேன். இருபது சொற்கள். குறிப்பேடுகளைத் திருத்தியபோது ஒன்று கண்ணில் பட்டது. முன் வரிசைப் பிள்ளைகள் பெரும்பாலும் சரியாக எழுதியிருந்தார்கள். பின் வரிசைக்குப் போகப்போகப் ‘பள்ளி’ பல்லியாகவும், ‘மணம்’ மனமாகவும், ‘அறை’ அரையாகவும் மாறியிருந்தன. கடைசி வரிசை மாணவன் ஒருவன் ஏழு சொற்களை எழுதவே இல்லை. கவனமில்லாமல் உட்கார்ந்திருந்தான் என்று நினைத்துக் கடிந்துகொண்டேன்.

அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: “மோட்டார் ஓடினா இங்க ஒண்ணும் சரியா கேக்காது டீச்சர்.”

சுவருக்கு அந்தப் பக்கம் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாள்தோறும் கேட்டுக் கேட்டு எனக்கு அது பழகிப்போயிருந்தது. அவன் அதோடு நிற்கவில்லை. “எங்க அப்பா வேலை செய்யற உப்பளத்துல இதவிடப் பெரிய மோட்டார் ஓடுது. அது இப்படிக் கத்தாது. இது மட்டும் ஏன் டீச்சர் இப்படிக் கத்துது?”

நல்ல கேள்வி. அன்றைக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. தேடிப் படித்ததையும், மோட்டார் பழுதுபார்ப்பவரிடம் கேட்டு அறிந்ததையும், பிள்ளைகளோடு செய்து பார்த்ததையும் இங்கே பகிர்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மின்மோட்டாரும் ஒலியும் தனித்தனிப் பாடங்களாக வருகின்றன. இரண்டையும் சேர்த்துக் கற்பிக்க இந்தக் கேள்வி ஒரு நல்ல வழி.

ஓசை பிறக்கும் மூன்று இடங்கள்

பொருள் அதிர்ந்தால் ஒலி பிறக்கும் என்பது நாம் தொடக்க வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது. ஆகவே, மோட்டாரில் எவை எவை அதிர்கின்றன என்று கேட்பதே முதல் படி. விடையை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது காந்த ஓசை. மின்சாரம் உண்டாக்கும் காந்தவிசை இரும்பை இழுத்து விடுவதால் வருவது. இரண்டாவது இயந்திர ஓசை. பேரிங், கார்பன் பிரஷ், பெல்ட், தளர்ந்த போல்ட், சமநிலை இல்லாத சுழலி ஆகியவற்றிலிருந்து வருவது. மூன்றாவது காற்றோசை. மோட்டாரைக் குளிர்விக்க அதன் பின்புறம் சுழலும் சிறு விசிறி காற்றைக் கலக்குவதால் வருவது. பெரும்பாலான மோட்டார்களில் இவை இருக்கும். எது எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

50 ஹெர்ட்ஸ் மின்சாரம், 100 ஹெர்ட்ஸ் முனகல்

நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஆனால் மோட்டார், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றின் அடிப்படை முனகல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். ஏன் இரட்டிப்பு?

ஓர் ஆணியில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்து குண்டூசியின் அருகே கொண்டு செல்லுங்கள். மின்கல முனைகளை மாற்றி இணைத்து மறுபடியும் கொண்டு செல்லுங்கள். வடமுனையானாலும் தென்முனையானாலும் குண்டூசி இழுக்கப்படும். இரும்பை இழுக்கும் விசைக்கு முனை எது என்பது பொருட்டல்ல. மாறுதிசை மின்னோட்டம் ஒரு சுற்றில் ஒருமுறை ஒரு திசையிலும் ஒருமுறை எதிர்த்திசையிலும் உச்சத்தை அடைகிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு இழுப்பு. நொடிக்கு 50 சுற்றுக்கு 100 இழுப்பு. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் இதே முனகல் 120 ஹெர்ட்ஸில் கேட்கும்.

இதோடு இன்னொரு விளைவும் சேர்கிறது. காந்தப்புலத்துக்குள் வைத்த இரும்பின் நீளம் மிக நுண்ணிய அளவில் மாறும் என்பதை 1842இல் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் கண்டறிந்தார். வெப்பவிளைவு விதியில் நாம் பெயர் சொல்லும் அதே ஜூல்தான். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லாதபோதும் அது ‘ம்ம்ம்’ என்று முனகுவதற்கு இந்த விளைவு ஒரு முக்கியக் காரணம். மோட்டாரிலோ நிலையாக இருக்கும் ஸ்டேட்டருக்கும் சுழலும் ரோட்டாருக்கும் இடையே உள்ள இழுவிசையே பெரும்பங்கு வகிக்கிறது. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள காற்றிடைவெளி சிறிய மோட்டார்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். பேரிங் தேய்ந்து ரோட்டார் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அந்தப் பக்கம் இழுப்பு மிகும், முனகல் உறுமலாகும்.

ஒருமுனையும் மும்முனையும்

வீட்டு மோட்டார் ஒருமுனை மின்சாரத்தில் ஓடுவது. அதில் மின்திறன் ஒவ்வொரு நொடியும் 100 முறை ஏறி இறங்குகிறது. அதனால் சுழற்றும் விசையும் சீராக இராமல் துடித்துத் துடித்து வருகிறது. கெப்பாசிட்டர் இதை ஓரளவு குறைக்கும், முழுவதும் போக்காது.

மும்முனை மின்சாரத்தில் மூன்று மின்னோட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, மூன்றில் ஒரு பங்குச் சுற்று இடைவெளியில் உச்சம் அடைகின்றன. மூன்றின் திறனையும் கூட்டினால் எந்த நொடியிலும் ஒரே அளவுதான். ஒரே உரலில் ஒருவர் மட்டும் உலக்கை போட்டால் ஒவ்வொரு குத்துக்கும் இடையே ஓய்வு இருக்கும். மூவர் முறைவைத்துப் போட்டால் அந்த ஓய்வு நிரம்பிவிடும். மும்முனை மோட்டாரில் அந்த நிரவல் முழுமையாக நடக்கிறது. அதனால்தான் அளவில் பெரிய மும்முனை மோட்டார் சிறிய ஒருமுனை மோட்டாரைவிட அமைதியாக ஓட முடிகிறது. மாணவனின் கேள்விக்கு இது பாதி விடை.

வேகம் கூடினால் காற்று கத்தும்

மீதிப் பாதியில் பெரும்பங்கு வேகத்துக்கு உரியது. தூண்டல் மோட்டாரின் காந்தப்புலம் சுழலும் வேகத்தை எளிதாகக் கணக்கிடலாம். 120ஐ அதிர்வெண்ணால் பெருக்கி, காந்த முனைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டு முனை என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று. நான்கு முனை என்றால் 1500. ரோட்டார் இதைவிடச் சற்றுப் பின்தங்கியே சுழலும். அதனால்தான் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 2880, 1440 போன்ற எண்கள் இருக்கின்றன. பள்ளியிலோ வீட்டிலோ உள்ள மோட்டாரின் தகட்டைப் படிக்கச் சொல்லி, அதற்கு எத்தனை முனை என்று மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகுதான் அருகே போக வேண்டும்.

ஒரே விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதன் காற்றோசை ஏறத்தாழ 15 டெசிபல் கூடும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. 10 டெசிபல் கூடினாலே நம் காதுக்கு ஓசை இரு மடங்கானதுபோல் தோன்றும். ஆக, 1440 சுற்று மோட்டாருக்கும் 2880 சுற்று மோட்டாருக்கும் இடையே காது உணரும் வேறுபாடு பெரிது. நாம் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றப் பயன்படுத்தும் சிறிய மோனோபிளாக் பம்புகளில் பெரும்பாலானவை 2880 சுற்று வகை. நீர்மூழ்கி மோட்டாரும் பெரும்பாலும் இதே வேகம்தான். ஆனால் அது நீருக்கடியில் இருக்கிறது; குளிர்விக்க விசிறி தேவையில்லை; நிலமும் நீரும் ஓசையை விழுங்கிவிடுகின்றன.

மிக்சியும் கிரைண்டரும்

பிள்ளைகள் உடனே கேட்டது இதுதான்: “அப்ப மிக்சி?” மிக்சி நிமிடத்துக்கு 18,000 சுற்று அளவுக்குச் சுழலும். 50 ஹெர்ட்ஸில் தூண்டல் மோட்டார் 3000 சுற்றைத் தாண்ட முடியாது என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே மிக்சியில் இருப்பது வேறு வகை. நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம் இரண்டிலும் ஓடும் யுனிவர்சல் மோட்டார். திறன் என்பது திருப்புவிசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. கையடக்கமான மோட்டார் தரும் திருப்புவிசை குறைவு. அதை வேகத்தால் ஈடுகட்டுகிறார்கள். அதற்கு நாம் கொடுக்கும் விலை இரைச்சல்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? 18,000 சுற்று என்றால் நொடிக்கு 300 சுற்று. சுழலியின் தலையில் பல செப்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டர் இருக்கிறது. அதன்மேல் கார்பன் பிரஷ்கள் உரசுகின்றன. 24 துண்டுகள் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு பிரஷ் நொடிக்கு 7200 முறை துண்டுவிட்டுத் துண்டு தாவுகிறது. காதைத் துளைக்கும் கீச்சொலி அங்கே பிறக்கிறது. விசிறியின் காற்றோசை, பிளேடு ஜாருக்குள் மோதும் ஓசை, பிளாஸ்டிக் உறையின் அதிர்வு எல்லாம் அதோடு சேர்கின்றன. பாடநூல் படத்தில் நாம் காட்டும் பிளவு வளையமும் தூரிகையும் இவைதாம்.

கிரைண்டரில் இருப்பது 1440 சுற்று போன்ற குறைந்த வேகத் தூண்டல் மோட்டார். பிரஷ் கிடையாது. பெல்ட் வழியாக வேகம் மேலும் குறைந்து உருளையைச் சுற்றுகிறது. கிரைண்டரில் நாம் கேட்பதில் பெரும்பங்கு கல் உருளும் ஓசைதான். நம் மாநிலத்துக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லலாம். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் மோட்டார் தயாரானது. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அது குறிப்பிடப்படுகிறது. பின்னாளில் பம்பு செட்டும் வெட் கிரைண்டரும் கோவையின் அடையாளங்களாயின. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

சாய்ந்த பட்டைகள்

பழைய மேசை மின்விசிறியின் மோட்டார் பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் ஒன்று வாங்கி வையுங்கள். ரோட்டாரின் மேல் உள்ள அலுமினியப் பட்டைகள் நேராக இராமல் சற்றுச் சாய்ந்திருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஏன் சாய்த்தார்கள்? பட்டைகள் நேராக இருந்தால் ஒவ்வொரு பட்டையும் ஸ்டேட்டரின் பற்களுக்கு எதிரே முழு நீளத்துக்கும் ஒரே கணத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு உதறல் ஏற்படும். சாய்த்துவிட்டால் ஒரு முனை பல்லைக் கடக்கும்போது மறுமுனை இன்னும் வந்து சேர்ந்திராது. உதறல் பரவிப்போகும், ஓசை குறையும். ஒரே திறன் கொண்ட இரண்டு மோட்டார்களில் ஒன்று அமைதியாகவும் மற்றொன்று இரைச்சலாகவும் இருப்பதற்கு வடிவமைப்பின் இத்தகைய நுணுக்கங்களும் காரணம்.

காயில் கருகிப்போய் மறுபடி கட்டிய மோட்டார் முன்னைவிட அதிகம் முனகினால் அதற்கும் காரணம் உண்டு. சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் இரும்பு அளவுக்கு மீறிக் காந்தமாகும். வார்னிஷ் சரியாக ஊறாவிட்டால் கம்பிகளே அதிரும். மின்னழுத்தம் கூடும் நேரங்களிலும் முனகல் கூடுவதைக் கவனிக்கலாம்.

உப்புக் காற்று செய்யும் வேலை

கடலோரப் பள்ளிகளுக்கு இது முக்கியமான பகுதி. மரக்காணத்தில் மழைக்காலம் முடிந்து உப்பளப் பாத்திகள் சீரமைக்கப்படும் நாள்களில் அங்கே சென்று பார்த்தால் இரும்பை உப்பு என்ன செய்யும் என்பதை விளக்கவே வேண்டாம். காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். பேரிங்கின் கிரீஸ் காய்ந்தோ கெட்டோ போன இடத்தில் அந்த ஈரம் புகுந்தால் குண்டுகள் ஓடும் பாதையில் துருப்புள்ளிகள் விழும். பளிங்குபோல் இருந்த பாதை குண்டும் குழியுமான சாலையாகிவிடும். ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழும்போது ‘கரகர’ என்று கேட்கும். விசிறி மூடி துருப்பிடித்துத் தளர்ந்தால் ‘கடகட’ ஓசை தனி.

சமநிலையும் இங்கே கெடும். ரோட்டாரிலோ விசிறியிலோ ஒரு பக்கம் துருவோ அழுக்கோ சேர்ந்தால் என்ன ஆகும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணக்கிடச் சொல்லலாம். அச்சிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் 1 கிராம் கூடுதல் எடை இருப்பதாகக் கொள்வோம். 1440 சுற்றில் அது வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 1.1 நியூட்டன். 2880 சுற்றில் அது நான்கு மடங்காகி 4.5 நியூட்டன். ஒரு கிராம், கிட்டத்தட்ட அரைக் கிலோவின் இழுப்பாகிவிடுகிறது. அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி. பல கைப்பேசிகள் அதிர்வதற்கு உள்ளே இருப்பதும் வேண்டுமென்றே சமநிலை கெடுத்து வைத்த ஒரு சின்ன மோட்டார்தான்.

உப்பளப் பம்புகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. நீர் ஆவியாக ஆவியாக உவர்நீரின் அடர்த்தி கூடுகிறது. போமே அளவியில் கடல்நீர் சுமார் 3 காட்டும். உப்பு படியத் தொடங்கும்போது சுமார் 25 காட்டும். அந்த நிலையில் உவர்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு அடர்த்தி. அதே உயரத்துக்கு அதே அளவு நீரை ஏற்ற அதே விகிதத்தில் கூடுதல் திறன் வேண்டும். மோட்டார் சற்று வேகம் குறைந்து, கூடுதல் மின்னோட்டம் எடுத்து, குரல் கனத்து ஓடும். உறிஞ்சு குழாயில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டால் பம்புக்குள் குமிழிகள் உருவாகி உடையும். கூழாங்கல்லைக் குலுக்கியதுபோல் கேட்கும். அது மோட்டாரின் ஓசை அல்ல, பம்பின் ஓசை.

வீணைக்குக் குடம், மோட்டாருக்கு மேடை

இசைக்கவையைத் தட்டிக் காதருகே வைத்தால் மெல்லக் கேட்கும். அதன் அடியை மேசைமேல் ஊன்றினால் வகுப்பு முழுவதும் கேட்கும். வீணையின் கம்பி தனியாக எழுப்பும் ஓசை சிறிது. குடமும் பலகையும் சேர்ந்து அதிர்வதால்தான் இசை நிறைகிறது. மோட்டாரும் அப்படித்தான். அதைத் தாங்கும் மேடை அதன் குடமாகிவிடுகிறது. தகரப் பெட்டியிலோ இரும்புச் சட்டத்திலோ பூட்டினால் அந்தப் பரப்பு முழுவதும் அதிர்ந்து ஓசையைப் பெருக்கும். மேடையின் இயல்பு அதிர்வெண்ணும் மோட்டாரின் அதிர்வெண்ணும் ஒத்துப்போனால் ஒத்ததிர்வு ஏற்பட்டு இன்னும் மோசமாகும். கனமான கான்கிரீட் திட்டு எளிதில் அதிராது. இடையில் ரப்பர் அட்டை வைத்தால் அதிர்வு கடத்தப்படுவது குறையும்.

அணைத்துப் பார்க்கும் சோதனை

எங்கள் பள்ளி மோட்டாரைப் பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஓடும் மோட்டாரைச் சற்று நேரம் கேட்டார். பிறகு சுவிட்சை அணைக்கச் சொன்னார். மின்சாரம் நின்ற பிறகும் மோட்டார் சில நொடிகள் சுழலும். அந்தச் சில நொடிகளில்தான் விடை இருக்கிறது. அணைத்த கணமே ஓசை சட்டென்று நின்றால் அது காந்த ஓசை. சுழற்சியோடு சேர்ந்து மெல்ல மெல்ல அடங்கினால் அது பேரிங், சமநிலை, காற்று ஆகியவற்றின் ஓசை.

எங்கள் மோட்டாரில் முனகல் சட்டென்று நின்றது. ‘கரகர’ ஓசை மட்டும் கடைசிவரை தொடர்ந்தது. பேரிங் கெட்டிருந்தது. நான்கு அடிப்போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்து அறுந்திருந்தது. மோட்டார் இரும்புச் சட்டத்தின்மேல், வகுப்பறைச் சுவரை ஒட்டி நின்றது. பிள்ளைகள் சுற்றி நின்று உப்பளத்து மோட்டாரோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டார்கள். அது மும்முனை, இது ஒருமுனை. அது 1440 சுற்று, இது 2880. அது கான்கிரீட் திட்டில், இது இரும்புச் சட்டத்தில். அது வெட்டவெளியில், இது சுவர்களுக்கு நடுவில். கேள்வி கேட்டவனே கடைசி வரியை எழுதினான்: “பெரிதா சிறிதா என்பது முக்கியம் இல்லை.”

விசிறியும் ரெகுலேட்டரும்

மோட்டார் நின்ற பிறகுதான் வகுப்பறையில் மின்விசிறியின் முனகல் காதில் விழுந்தது. கூரை விசிறியில் 14, 16 என்று பல காந்தமுனைகள் இருக்கும். அதனால்தான் அது மெதுவாகச் சுழல்கிறது. முழு வேகத்தில் முனகாத விசிறி, வேகத்தைக் குறைத்ததும் முனகுகிறதா? ரெகுலேட்டரைக் கவனியுங்கள். சில மின்னணு ரெகுலேட்டர்கள் மின்னலையின் ஒரு பகுதியை வெட்டி எறிந்து வேகத்தைக் குறைக்கின்றன. வெட்டுப்பட்ட அலை உண்டாக்கும் விசையில் 100 ஹெர்ட்ஸின் மடங்குகள் பல கலந்திருப்பதால் முனகல் கூடுகிறது. கெப்பாசிட்டர் வகைப் படி ரெகுலேட்டரில் அலை வெட்டப்படுவதில்லை; முனகலும் குறைவு. நிலைக்காந்தம் கொண்ட பிஎல்டிசி விசிறிகள் தமக்கான மின்னலையைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. அவை மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும்: வழக்கமான விசிறி சுமார் 75 வாட் எடுக்குமிடத்தில் இவை 30 வாட் அளவில் ஓடும். குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில் செல்லும் சாலையில் ஓடும் மின்ஸ்கூட்டர்களில் கேட்கும் மெல்லிய கீச்சொலியும், மின்னணுச் சுற்று நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுவதன் எதிரொலிதான்.

உடனே அணைக்க வேண்டிய ஓசைகள்

சில ஓசைகள் எச்சரிக்கை. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுழலாமல் ‘ம்ம்ம்’ என்று மட்டும் முனகினால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அல்லது மும்முனையில் ஒரு முனை வராமல் இருக்கலாம், அல்லது பம்பு இறுகியிருக்கலாம். அந்த நிலையில் வழக்கத்தைவிட 5 முதல் 7 மடங்கு மின்னோட்டம் பாயும். வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும் என்பதால் 25 முதல் 49 மடங்கு வெப்பம். சில நிமிடங்களில் காயில் கருகிவிடும். ஓடிக்கொண்டிருந்த மும்முனை மோட்டார் திடீரென்று உறுமினாலும் உடனே அணைக்க வேண்டும். சுழலாத விசிறியைக் கையால் தள்ளிவிடும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அது கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

மாணவர்கள் கையாள்வது மின்கலத்தில் ஓடும் பொம்மை மோட்டார் மட்டுமே. வீட்டு மின்சாரத்தில் ஓடுபவற்றை ஆசிரியர் இயக்க, அவர்கள் தள்ளி நின்று கேட்கட்டும்.

1. பொம்மை மோட்டாரை முதலில் கையிலும், பிறகு மேசை, தகர டப்பா, ஸ்பாஞ்சு ஆகியவற்றின் மேலும் வைத்து இயக்குங்கள். எதில் ஓசை அதிகம்? ஏன்?

2. ஒரு மின்கலத்திலும் இரண்டு மின்கலத்திலும் இயக்கி, சுருதி ஏறுவதைக் கேட்கச் சொல்லுங்கள்.

3. அச்சில் ஒரு பக்கமாகச் சிறிது களிமண் ஒட்டி இயக்குங்கள். எதிர்ப்பக்கமும் அதே அளவு ஒட்டியபின் மறுபடி இயக்குங்கள்.

4. ஆசிரியரின் கைப்பேசியில் ஃபைஃபாக்ஸ் போன்ற இலவசச் செயலியின் ஒலி நிறமாலையைத் திறந்து, முனகும் விசிறியின் அருகே பிடியுங்கள். 100, 200, 300 ஹெர்ட்ஸில் முகடுகள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம்.

5. தொடக்க வகுப்பில் கண்களை மூடி, ‘இது மிக்சியா, விசிறியா, பம்பா’ என்று பதிவுசெய்த ஓசைகளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு போதும்.

நம் குரல் கடைசி வரிசைக்குச் சேர்கிறதா?

பாடம் நடக்கும் வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 1999இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளிகளைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகல் நேர வரம்பு 50 டெசிபல். இயல்பாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தொலைவில் 60 டெசிபல் அளவில் இருக்கும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும்: 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48, 8 மீட்டரில் 42. அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் இழப்பு இதைவிடக் குறைவு. ஆனாலும் பிள்ளைகள் தெளிவாகப் புரிந்துகொள்ள நம் குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் கூடுதலாக இருப்பது நல்லது என்கிறார்கள் செவித்திறன் வல்லுநர்கள். மோட்டார் ஓடும் வகுப்பில் முன் வரிசைக்குக் கிடைக்கும் அந்த 15 டெசிபல் கடைசி வரிசைக்குக் கிடைப்பதில்லை. பேச்சு காதில் விழும். லகரமா ளகரமா என்பது விழாது. வலுவற்ற செவித்திறன் உள்ள பிள்ளைக்கு நிலைமை இன்னும் கடினம்.

எங்கள் பள்ளியில் பேரிங் மாற்றினோம். போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு அடியில் ரப்பர் அட்டை வைத்தோம். இவற்றைவிடப் பயன் தந்தது ஒரு காசு செலவில்லாத முடிவு: காலை வழிபாட்டுக்கு முன்பே தொட்டியை நிரப்பிவிடுவது. கடைசி வரிசை நிரந்தரமாக யாருக்கும் உரியதல்ல என்று இருக்கைகளையும் வாரந்தோறும் மாற்றுகிறோம்.

அடுத்த வாரம் அதே இருபது சொற்களைத் தமிழாசிரியர் மறுபடி வைத்தார். அந்த மாணவன் இருபதையும் எழுதியிருந்தான். ‘பள்ளி’ சரியாக இருந்தது. ‘மணம்’ சரியாக இருந்தது. இரண்டு இடங்களில் ழகரம் தவறியிருந்தது. அது மோட்டாரின் குற்றமல்ல. சொல்லிக்கொடுத்துத் திருத்த வேண்டியது. கவனமில்லாதவன் என்று நான் கடிந்துகொண்டதற்கு அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். நாளை உங்கள் வகுப்பில் பாடத்தைத் தொடங்கும் முன் ஒருமுறை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, அங்கே என்னென்ன கேட்கிறது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.